உங்களுக்குத் தெரியுமா? ஹார்டு டிஸ்க் முடங்கினால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள்!

ராஸ்பெரி பை 4 கணினியில் செருகிய ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால், பல நேரம் குற்றவாளி டிரைவர் மென்பொருள் அல்ல, மின்சாரப் பற்றாக்குறைதான்.

● இதன் நான்கு யூ.எஸ்.பி. போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். சுழலத் தொடங்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றே அதில் பெரும்பகுதியை இழுத்துவிடும். தனி அடாப்டர் உள்ள யூ.எஸ்.பி. ஹப் இதைத் தீர்க்கும்.

● மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி தோன்றும். 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டரையும் தரமான கேபிளையும் பயன்படுத்துங்கள்.

● மின்சாரம் சரியாக இருந்தும் கெர்னல் பதிவில் ‘ரீசெட்’ செய்திகள் குவிகின்றனவா? சில எஸ்.எஸ்.டி. உறைகளில் உள்ள இணைப்புச் சிப்புகள் லினக்ஸின் வேகமான யூ.எஸ்.பி. சேமிப்பு டிரைவரான யு.ஏ.எஸ்.ஸோடு ஒத்துப்போவதில்லை. பூட் அமைப்பில் ஒரு வரி சேர்த்து, அந்தச் சாதனத்தை மட்டும் பழைய யூ.எஸ்.பி. ஸ்டோரேஜ் டிரைவருக்கு மாற்றலாம். வேகம் சற்றுக் குறையும். ஆனால் இணைப்பு அறுபடாது.

● யூ.எஸ்.பி. 3.0 சாதனங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும். வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் அதன் ரிசீவரை நீட்டிப்பு கேபிளில் தள்ளி வையுங்கள்.