லினக்ஸ் போட்டாச்சு... வைஃபை எங்கே போச்சு? பழைய லேப்டாப்புக்கு மறுவாழ்வு தருபவர்கள் கவனத்துக்கு!

“என்னடி பண்ணி வச்சிருக்க? ஆமை மாதிரின்னாலும் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு. இப்போ நெட்டே வரலையே!”

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மா என்னைக் கேட்ட கேள்வி இது. அப்போது நான் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழைய லேப்டாப்பில் ஆர்வக்கோளாறில் விண்டோஸை அழித்துவிட்டு, ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றியிருந்தேன். வேகம் பிரமாதம். ஆனால், வைஃபை பட்டனையே காணோம். தம்பியின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். போனில் அந்த வெப்சைட் சரியாகத் திறக்கவில்லை. தெருமுனை கம்ப்யூட்டர் சென்டருக்கு ஞாயிறு லீவு. தம்பி எதுவுமே பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11-ஐப் பழைய லேப்டாப்கள் பலவும் ஏற்றுக்கொள்வதில்லை. “லினக்ஸ் போட்டுப் பார்க்கலாமா?” என்று யோசிப்பவர்கள் அதிகமாகியிருக்கும் நேரம் இது. நான் மாட்டிக்கொண்ட மாதிரி நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது இல்லையா?

ஏன் வரவில்லை?

லினக்ஸ் உலகில் ‘கட்டற்ற மென்பொருள்’ என்றொரு கொள்கை உண்டு. 1985-ல் ரிச்சர்ட் ஸ்டால்மேன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதற்கு நான்கு சுதந்திரங்களை வரையறுக்கிறது. ஒரு சாஃப்ட்வேரை நாம் விரும்பியபடி பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதில் விலை முக்கியமே இல்லை. காசு வாங்காமல் கொடுத்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாவிட்டால் அது கட்டற்றது கிடையாது. என்னென்ன சேர்த்து அரைத்தது என்று சொல்லாமல் சும்மா கொடுக்கிற மசாலாப்பொடி மாதிரி!

வைஃபை சிப் வேலை செய்ய, ‘ஃபர்ம்வேர்’ என்ற சின்ன புரோகிராம் தேவை. பெரும்பாலான நிறுவனங்கள் அதன் சோர்ஸ் கோடைத் தருவதில்லை. அதனால்தான் கொள்கைப் பிடிப்புள்ள டிஸ்ட்ரோக்களில் அது இருக்காது. நான் போட்டதும் அப்படி ஒன்றுதான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பழக்கம்

1993-ல் இயான் முர்டாக் தொடங்கிய டெபியன், 1997-ல் ஒரு ‘சமூக ஒப்பந்தம்’ வெளியிட்டது. எங்கள் இயங்குதளம் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும் என்பது அதன் முதல் வாக்குறுதி. ஆனால், பயனாளர்களின் தேவையையும் அது மறக்கவில்லை. மூடிய சாஃப்ட்வேர்களுக்கு ‘நான்-ஃப்ரீ’ என்று தனி அறை ஒதுக்கியது. ஃபர்ம்வேர் பிரச்னை மட்டும் தீரவேயில்லை. 2022-ல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேரை இன்ஸ்டாலருடனேயே தருகிறார்கள். இப்போது நீங்கள் டெபியன் போட்டால், அன்று எனக்கு வந்த தலைவலி பெரும்பாலும் வராது.

ஃபெடோராவில் ஃபர்ம்வேர் உண்டு. ஆனால், காப்புரிமைச் சிக்கலால் சில வீடியோ கோடெக்குகள் இருக்காது. அவற்றை ‘ஆர்.பி.எம் ஃபியூஷன்’ என்ற களஞ்சியத்திலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். உபுண்டு, மின்ட் இரண்டிலும் இன்ஸ்டால் செய்யும்போதே ஒரு டிக் அடித்தால் போதும். ட்ரிஸ்குவல் ரொம்ப கறார். மூடிய ஃபர்ம்வேருக்கு அங்கே இடமே கிடையாது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது ஞாபகமிருக்கிறதா? சி-டாக் உருவாக்கிய அந்த பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான்.

என்ன செய்யலாம்?

1. முதலில் ஒத்திகை: எதையும் அழிக்காதீர்கள். பென்டிரைவில் ‘லைவ்’ முறையில் ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதியுங்கள். இதைச் செய்யாததுதான் என் முதல் தப்பு.

2. வைஃபை இல்லையா? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து ‘யூ.எஸ்.பி டெதரிங்’ ஆன் செய்யுங்கள். போனின் இன்டர்நெட் லேப்டாப்புக்கு வந்துவிடும். அதை வைத்தே ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம். மூடிய ஃபர்ம்வேரே வேண்டாம் என்பவர்கள், ஆதெரோஸ் ஏ.ஆர்.9271 சிப் உள்ள யூ.எஸ்.பி வைஃபை அடாப்டர் தேடலாம். அதன் ஃபர்ம்வேர் கட்டற்றது.

3. மாற்று இருக்கிறதா என்று பாருங்கள்: வீடியோவுக்கு வி.எல்.சி, ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ், படங்களுக்கு கிம்ப். இரண்டு பக்க ரெஸ்யூமே மூன்று பக்கமாக நீண்டுவிட்டதா? பிரச்னை ஃபான்ட்டில் இருக்கலாம். கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்குப் பதில் லிபரேஷன் செரிஃப் போடுங்கள். எழுத்துகளின் அகலம் அச்சு அசலாக ஒன்றே என்பதால் வரிகள் நகராது.

4. தமிழ் ஃபைல்கள் பத்திரம்: யூனிகோடில் தட்டச்சு செய்தவை நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ் போன்ற ஃபான்ட்களில் சரியாகத் தெரியும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்தவை, அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். மாறும் முன்பே யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

5. பிரவுசரே போதுமா? வாட்ஸ்அப், கூகுள் மீட், ஜூம் எல்லாம் பிரவுசரிலேயே ஓடும். ஓ.டி.டி பார்க்க, ஃபயர்பாக்ஸில் டி.ஆர்.எம் அனுமதியை ஆன் செய்ய வேண்டியிருக்கும். அதுவும் ஒரு மூடிய துண்டுதான்.

6. இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டுமா? முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியம், அடுத்து ஃப்ளாட்ஹப். எந்த ஆப் மூடியது, யார் பதிவேற்றியது என்பதை ஃப்ளாட்ஹப் அந்தப் பக்கத்திலேயே காட்டும். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

இன்டர்நெட்டில் யாரோ எழுதிய கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் பேஸ்ட் செய்யாதீர்கள். அதிலும் ‘சுடோ’ என்று தொடங்கினால், வீட்டுச் சாவியையே கொடுப்பதற்குச் சமம். கிராக் செய்த சாஃப்ட்வேர்கள் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போட்டோஷாப், டேலி போன்றவை லினக்ஸுக்கென்று வெளியிடப்படுவதில்லை. ‘வைன்’ மூலம் சில விண்டோஸ் சாஃப்ட்வேர்கள் ஓடும். பல தகராறு செய்யும். உங்கள் பிழைப்பே அவற்றில்தான் என்றால், விண்டோஸை அழிக்காமல் பக்கத்தில் லினக்ஸையும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சரி, அந்த ஞாயிறு என்ன ஆனது? சீனியர் அக்கா ஒருவருக்கு போன் போட்டேன். “போனை கேபிள்ல கனெக்ட் பண்ணி டெதரிங் போடுடி” என்றார். இரவு 11.40-க்குத் தம்பியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ‘நான்-ஃப்ரீ’ அறையைத் திறந்து, வைஃபைக்குத் தேவையான அந்த ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடுத்துப் போட்டேன்.

அந்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது. அதில் மூடிய சாஃப்ட்வேர் எது என்று கேட்டால், வைஃபை ஃபர்ம்வேர் ஒன்று, ஓ.டி.டி-க்கான டி.ஆர்.எம் ஒன்று என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியும். அந்த இரண்டாவதும் அம்மாவுக்காகத்தான். இப்போது அவர் சீரியல் பார்ப்பதே அதில்தான்!