யாரும் கூப்பிடவில்லை என்றவர்களுக்கும் முழுக்கூலி

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கோயில் வாசலிலேயே விசாரிப்பு தொடங்கிவிடும். "என்னப்பா, ஏதாவது வேலை கிடைச்சுதா?" கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பி.இ. முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கும் பையனுக்கும், கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்பிய நாற்பது வயதுக்காரருக்கும் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்துகிறது. முதல் மாதம் ஏதோ பதில் சொல்வார்கள். ஆறாவது மாதம் பின்வரிசையில் நின்று, கடைசிப் பாட்டுக்கு முன்பே நழுவிவிடுவார்கள். அப்புறம் வருவதே இல்லை.

நம் பக்கத்துக் காலனிகளில் உள்ள பங்குகளுக்கும் சபைகளுக்கும் போகும்போதெல்லாம் நாம் பார்ப்பது இதுதான். உள்ளே பாயில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையில்லாத ஆண்கள் தண்ணீர் டேங்க் அடியிலோ, பேருந்து நிறுத்தத்திலோ, அதையும் தாண்டி மதுக்கடைப் பக்கமோ இருக்கிறார்கள்.

தலித் பிரச்சினைகளைப் பேசும் இந்தப் பத்தியில் விசுவாசத்தைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். வேலை இல்லாத தலித் கிறித்தவருக்கு ஆறுதலும் கடவுள் பெயரால் வருகிறது, அவமானமும் கடவுள் பெயரால் வருகிறது. எது ஆறுதல், எது அவமானம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விசுவாசக் குறைவா?

வேலை கிடைக்காதவரிடம் சில பிரசங்கிகள் சொல்வது நமக்குப் பழக்கமானது. உன் விசுவாசம் போதாது, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது, இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம் இரு, காணிக்கை கொடு, கதவு திறக்கும் என்பார்கள். கதவு திறக்காவிட்டால் பழி பிரசங்கியார் மேல் விழாது. உபவாசம் இருந்தவர் மேல்தான் விழும்.

இன்னும் சிலர் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தைத் திறந்து, உழைக்காதவனுக்குச் சாப்பாடு எதற்கு என்று அங்கே எழுதியிருப்பதாக முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார்கள். அந்த இடத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். வேலை செய்ய மனம் இல்லாதவனைப் பற்றித்தான் பவுல் பேசுகிறார். மனமும் உடம்பும் தயாராக இருந்தும் வேலை அகப்படாதவனைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. பவுலே கூடாரம் தைத்துப் பிழைத்தவர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இயேசுவைத் தச்சன் என்றுதான் அவருடைய ஊரார் அடையாளம் சொன்னார்கள். கையால் உழைத்தவர்களின் சொல்லை எடுத்து, உழைக்கக் காத்திருப்பவனை அடிப்பது நியாயமாகாது.

சந்தைவெளியில் நின்றவர்கள்

வேலையில்லாதவர்களைப் பற்றி இயேசு நேராகவே ஒரு கதை சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய், ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களைக் கூட்டி வருகிறார். பிறகு காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மாலை மூன்று மணிக்கும் போகிறார். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கும்போது, ஐந்து மணிக்கு, மறுபடியும் போகிறார். அப்போதும் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு வைக்கவில்லை என்கிறார்கள்.

இந்தக் காட்சியை விளக்க நமக்கு உரையாசிரியர் தேவையில்லை. எந்த நகரத்திலும் காலை ஆறரை மணிக்குக் கொத்தனாரும் சித்தாளும் கூடி நிற்கும் முனை ஒன்று உண்டு. கையில் தூக்குவாளி, பையில் கரண்டியும் ரசமட்டமும். மேஸ்திரி பைக்கை நிறுத்தியதும் நாலு பேர் ஓடுவார்கள். திடகாத்திரமான ஆளையும் தெரிந்த ஆளையும்தான் முதலில் கூப்பிடுவார்கள். வயதானவரும், காலில் அடிபட்டவரும், ஊருக்குப் புதியவரும் ஒன்பது மணிக்கு மேலும் நின்றுகொண்டிருப்பார்கள். பத்து மணிக்கு வீடு திரும்பினால் பக்கத்து வீட்டார் பார்ப்பார்களே என்று மத்தியானம் வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களை நமக்குத் தெரியும்.

கதையில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தோட்டக்காரர் அவர்கள் பதிலை நம்புகிறார். சோம்பேறி என்று திட்டவில்லை, காலையில் எங்கே போயிருந்தாய் என்று குறுக்கு விசாரணை செய்யவில்லை. இரண்டாவது, பேசி அனுப்பிவிடாமல் வேலை கொடுக்கிறார். மூன்றாவது, கூலி. ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் முழு தெனாரியம் கொடுக்கிறார். தெனாரியம் என்பது அக்காலத்தில் கூலியாளின் ஒரு நாள் சம்பளம், அதாவது ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சோறு. ஒரு மணி நேரக் கணக்குப் பார்த்துக் கொடுத்திருந்தால் அன்று இரவு அந்த வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். உங்களுக்குப் பேசிய கூலியில் நான் குறைக்கவில்லையே என்கிறார் அவர்.

அந்தக் கூலியை அவர் அன்று மாலையே கொடுக்கிறார் என்பதும் சாதாரண விஷயமில்லை. ஏழைக் கூலியாளின் சம்பளத்தைப் பொழுது போவதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமம் சொல்லும் சட்டம். காண்ட்ராக்டரிடம் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பிய நம் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும்.

வேலை இல்லை என்பது பாவம் இல்லை. உன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதற்காக உன் மதிப்பு ஒரு மணி நேர மதிப்பாகச் சுருங்கிவிடாது. இதுதான் அந்தக் கதை நமக்குத் தரும் நற்செய்தி.

முதலில் ரொட்டி

மனம் உடைந்த ஆணிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் வேதாகமத்தில் முன்மாதிரி இருக்கிறது. ராணி யேசபேலின் மிரட்டலுக்குத் தப்பி ஓடிய எலியா, வனாந்தரத்தில் ஒரு செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், நான் சாக வேண்டும் என்று வேண்டுகிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான். கேள்வி கேட்பதும், புதிய வேலை ஒப்படைப்பதும், நீ தனியாள் இல்லை, உன்னைப் போல் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

எலியாவுக்கே சாக வேண்டும் என்று தோன்றியது. ஆகவே அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொள்ளக் கூடாது. மனைவியிடமோ, அண்ணனிடமோ, பங்குத்தந்தையிடமோ, அரசு மருத்துவமனை மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

யார் கூப்பிடவில்லை?

ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இவர்களை யாரும் கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஊர், ஊரா காலனியா என்று சுற்றி வளைத்துக் கேட்கும் நேர்காணல்கள் இன்னும் இருக்கின்றன. அதோடு தலித் கிறித்தவருக்குச் சான்றிதழ் என்ற இன்னொரு பூட்டும் உண்டு.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும், 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டு, நிலமும் தொழிலும் உள்ள சாதிகளோடு போட்டி போடுகிறார். தெருவில் அவர் பறையர் அல்லது பள்ளர் அல்லது சக்கிலியர். தாலுகா ஆபீசில் மட்டும் பி.சி.

ஒரு சிறு உதாரணம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருந்தவர்களுக்கு மாநில அரசு மூன்று ஆண்டுகள் உதவித்தொகை கொடுக்கிறது. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். இதற்கு ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு வயது வரம்பு 45. மற்றவர்களுக்கு 40. ஒரே தெருவில், ஒரே பள்ளியில் படித்த இரண்டு பேரில் ஞானஸ்நானம் பெற்றவருக்கு ஐந்து வருடம் குறைந்துவிடுகிறது. தாட்கோ கடனுக்கும் இதே கதவடைப்புதான்.

பட்டியல் சாதி உரிமையை மதம் மாறிய தலித்துகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே பரிந்துரைத்தது. 2022இல் மத்திய அரசு கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறித்தவர்களுக்கு அந்த உரிமையை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

படித்த தலித் கிறித்தவ இளைஞன் வேலைக்காக அலைந்த அலைச்சலை ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவலில் எழுதினார். கடைசியில் வேலையா மதமா என்ற இடத்துக்கே அந்த இளைஞன் தள்ளப்படுகிறான். மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

திருச்சபையும் ஒரு முதலாளிதான்

அரசை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் என்று திருச்சபைகள் தமிழ்நாட்டின் பெரிய வேலை கொடுப்போரில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளியில் சம்பளம் அரசுடையது, ஆளைத் தேர்வு செய்வது நிர்வாகம். சிறுபான்மை நிறுவனம் என்பதால் இனவாரிச் சுழற்சி முறை அங்கே கட்டாயம் இல்லை. ஆக, யாரைக் கூப்பிடுவது என்பது நிர்வாகத்தின் மனச்சாட்சியைப் பொறுத்தது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் ஒப்புக்கொண்டது. காகிதத்தில் ஒப்புக்கொண்டது நியமன ஆணையில் தெரிய வேண்டும். எங்கள் பங்கில் தலித் கிறித்தவர் எத்தனை பேர், நம் நிறுவனங்களில் தலித் ஆசிரியர், எழுத்தர் எத்தனை பேர் என்று பங்குப் பேரவையில் எழுந்து கேட்க நமக்கு உரிமை உண்டு.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று நாமறிந்தவர், 'ஒரு உலை' என்ற கருத்தை வலியுறுத்தினார். ஒரே பானையில் பொங்கி எல்லோரும் பகிர்ந்து உண்பதுதான் நற்கருணையின் பொருள் என்று அவர் கண்டார். அந்தக் கண்ணோடு பார்த்தால் ஒரு சிறிய சபையும் செய்யக்கூடிய வேலைகள் உண்டு. நேர்காணலுக்குப் போகிறவருக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்கலாம். கோயில் கூடத்தை மாலையில் திறந்து, மின்விளக்கும் நாளிதழும் வைத்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களை உட்கார வைக்கலாம். சபையில் உள்ள எலெக்ட்ரீசியன், பெயிண்டர், ஓட்டுநர் பெயர்களை எழுதி வாசலில் ஒட்டலாம். கோயில் கட்டுமான வேலையை வெளி காண்ட்ராக்டருக்குக் கொடுக்குமுன் உள்ளூர் ஆட்களைக் கேட்கலாம்.

வேலையில்லாத நம் சகோதரர்களுக்கும் சில வார்த்தைகள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பியுங்கள். கட்டட வேலை பார்ப்பவர்கள் நலவாரியத்தில் பதியுங்கள். பிள்ளைகள் படிப்பு முதல் ஓய்வூதியம் வரை அதில் உதவி இருக்கிறது. சிறுதொழில் தொடங்க எண்ணமிருந்தால் சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகமான டாம்கோவில் கடன் கேளுங்கள். மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கும் மேற்படிப்பு உதவித்தொகை உண்டு. தம்பி தங்கைகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மனைவி நூறு நாள் வேலைக்கோ குழுக் கூட்டத்துக்கோ போய் அடுப்பு எரிய வைக்கிறாரென்றால் அதில் குறைச்சல் எதுவும் இல்லை. அவர் போயிருக்கும் நேரத்தில் சோறு வடிப்பதும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் ஆண் செய்யக்கூடிய வேலைதான். அந்த வெட்கத்தைக் கழுவ மதுக்கடைக்குப் போனால், அவர் கொண்டு வந்த கூலியும் அங்கேதான் போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாருங்கள். பின்வரிசையில் ஒளிய வேண்டாம், நடுவில் உட்காருங்கள். வேலை கிடைச்சுதா என்று யாராவது கேட்டால், "இன்னும் கூப்பிடலை அண்ணே, உங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க" என்று நிமிர்ந்தே சொல்லுங்கள். கேட்டவருக்கும் அதில் ஒரு பொறுப்பு வரட்டும்.