மொழியியலாளருக்கு விமானத்தில் என்ன வேலை?

1990 ஜனவரி 25. கொலம்பியாவின் பொகோட்டாவில் கிளம்பி, மெடெஜின் வழியாக நியூயார்க்கை நோக்கி வந்துகொண்டிருந்தது அவியாங்கா 52 என்ற விமானம். நியூயார்க்கில் வானிலை மோசம். தரையிறங்க இடம் கிடைக்காமல் மூன்று இடங்களில் வட்டமடிக்க வேண்டியிருந்தது; அதிலேயே மொத்தம் 1 மணி 17 நிமிடம் போனது. எரிபொருள் வேகமாகக் குறைந்தது. துணை விமானி, கட்டுப்பாட்டு அறையிடம் ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்றார். முதல் முறை இறங்க முடியாமல் விமானம் மீண்டும் மேலே ஏறியபோது, ‘எமர்ஜென்சி என்று சொல்’ என்று தலைமை விமானி அவரிடம் ஸ்பானிய மொழியில் சொன்னார். துணை விமானி ஆங்கிலத்துக்கு மாறி, சொன்னபடி திரும்புகிறோம், மறுபடி முயல்கிறோம் என்று கூறிவிட்டு, கடைசியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்த்தார். சொல்லிவிட்டாயா என்று தலைமை விமானி கேட்டார். சொல்லிவிட்டேன் என்று பதில் வந்தது. சிறிது நேரத்தில் எஞ்சின்கள் அடங்கின. லாங் ஐலண்டில் கோவ் நெக் என்ற ஊரில் விமானம் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இந்த உரையாடலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. துணை விமானிக்கு ஆங்கிலம் தெரியும், கட்டுப்பாட்டாளருக்கும் தெரியும். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவரை மற்ற விமானங்களை விலக்கி வழிவிடச் செய்யும் சொற்கள் மிகச் சில. ‘எமர்ஜென்சி’ அவற்றில் ஒன்று, ‘பிரையாரிட்டி’ அப்படியில்லை. எரிபொருள் தீர்கிறது என்ற செய்தியும், வேறொரு தகவலின் வாலாக, பதற்றம் இல்லாத குரலில் வந்தால் வழக்கமான பேச்சாகவே காதில் விழும். எரிபொருளைச் சரியாகக் கையாளாததும், அவசர நிலையை அறிவிக்காததும் விமானிகளின் தவறு என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. அதோடு நிற்கவில்லை. எரிபொருள் குறைவைச் சொல்ல இரு தரப்புக்கும் ஒரே மாதிரி புரியும் சொற்கள் வகுக்கப்படாததையும் ஒரு காரணமாக எழுதியது.

மொழி தெரிந்த இருவர் பேசியும் செய்தி போய்ச் சேரவில்லை. அதனால் ஒருவருக்கு உயிரோ, வழக்கோ, படிப்போ, பிழைப்போ போகிறது. இப்படிப்பட்ட இடங்களை எடுத்துக்கொண்டு, பேச்சும் எழுத்தும் அங்கே உண்மையில் எப்படி நடக்கின்றன என்று சான்றோடு ஆராய்ந்து, தீர்வு தேடும் துறைதான் பயன்பாட்டு மொழியியல். ஒலிகளும் சொல்லமைப்பும் வாக்கியமும் எப்படி இயங்குகின்றன என்பது மொழியியலின் கேள்வி. அந்த அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போவது இதன் வேலை.

விமானத் துறையில் அந்த வேலை பலன் தந்தது, ஆனால் இன்னொரு விபத்துக்குப் பிறகு. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவுதி, கசகஸ்தான் விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அதன் குழுவினரின் ஆங்கிலக் குறைபாடும் விசாரணையில் பேசப்பட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1998இல் மொழித் திறனைத் தன் தீர்மானத்தில் கொண்டுவந்தது. 2003இல் விதிகள் ஏற்கப்பட்டன. 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளில் மொழியியலாளரின் கைத்தடம் தெளிவாகத் தெரிகிறது. உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், புரிந்துகொள்ளுதல், உரையாடும் திறன் என ஆறு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஆறு நிலைகள். எந்தக் கூறில் மிகக் குறைந்த நிலை வருகிறதோ அதுதான் ஒருவரின் மதிப்பெண். சர்வதேசப் பணிக்கு நான்காம் நிலை வேண்டும். சரளமாகப் பேசுபவர், எதிராளி சொன்னது சரியாக விளங்காதபோது திருப்பிக் கேட்டு உறுதி செய்யத் தவறினால், அந்தச் சரளத்தால் பயனில்லை. இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று: ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஊர்வழக்குச் சொற்களையும் மரபுத்தொடர்களையும் விட்டு, மெதுவாக, தெளிவாகப் பேச வேண்டியது அவர்கள் கடமை. புரியாமல் போனால் பழி எப்போதும் கற்றுக்கொண்டு வந்தவன் தலையில்தான் என்ற பழைய நினைப்பு இங்கே உடைகிறது.

பயன்பாட்டு மொழியியல் என்ற பெயர் புழங்கத் தொடங்கிய 1940களிலும் 50களிலும் அது பெரும்பாலும் ஆங்கிலம் கற்பிக்கும் கலையாகவே இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழகம் அப்போதே இதற்கென்று தனிப் பள்ளி தொடங்கியது; இத்துறையின் உலகச் சங்கம் 1964இல் பிறந்தது. 1967இல் பிட் கார்டர் எழுதிய ஒரு கட்டுரை ஆசிரியர்களின் பார்வையை மாற்றியது. மாணவன் செய்யும் பிழை அவன் மூளையில் உருவாகிவரும் விதியைக் காட்டுகிறது என்றார் அவர். தமிழ்க் குழந்தை ஆங்கிலத்தில் ‘கோ’வுக்கு இறந்தகாலம் ‘கோட்’ என்று சொன்னால், அது விதியைப் பிடித்துவிட்டது. விதிவிலக்கு மட்டும்தான் பாக்கி. சிவப்பு மையால் அடிப்பவருக்கு இது தெரிந்திருந்தால் எத்தனை குழந்தைகள் வாய் திறந்து பேசியிருக்கும்!

இன்று அகராதி தொகுப்பு, மொழிபெயர்ப்பு, பேச்சுக் குறைபாடு, மொழிக் கொள்கை எல்லாம் இதன் எல்லைக்குள் வருகின்றன. ஆனால் மனத்தை அதிகம் உலுக்குவது நீதிமன்றப் பணி.

1952 நவம்பரில் லண்டன் அருகே குரோய்டனில் ஒரு காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் 16 வயது கிறிஸ்டோபர் கிரெய்க், தூக்குக்குத் தப்பினான். உடன் போன 19 வயது டெரக் பென்ட்லி 1953 ஜனவரி 28இல் தூக்கிலிடப்பட்டார். வழக்கில் அவரது வாக்குமூலம் முக்கியம். யாரும் கேள்வி கேட்கவில்லை, அவர் சொல்லச் சொல்ல எழுதினோம் என்றது காவல்துறை. பல பத்தாண்டுகளுக்குப் பின் மால்கம் கூல்தார்ட் என்ற மொழியியலாளர் அந்த 582 சொற்களை எண்ணத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ‘பிறகு நான்’ என்ற வரிசையே பேச்சு வழக்கு. வாக்குமூலத்திலோ ‘நான் பிறகு’ என்ற வரிசை திரும்பத் திரும்ப வந்தது. சாதாரணப் பேச்சில் மிக அரிதான அந்த வரிசை, காவலர்கள் எழுதிய அறிக்கைகளில் சகஜமாக இருந்தது. பேச்சைத் திரட்டிய பெரிய தரவுகளோடு ஒப்பிட்டுத்தான் இதைக் காட்டினார். அந்த இளைஞரின் வாய்ச்சொல்லோடு காவலரின் சொல்லும் கலந்திருக்கிறது என்று ஆனது. 1998 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. ரத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரு சொல்வரிசை சாட்சி சொன்ன வழக்கு என்று துறையில் இதைச் சொல்வார்கள்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் வாக்குமூலங்கள் நினைவுக்கு வராமல் இராது. காவல் நிலையத்தில் ஒருவர், ‘அவன் வந்து என்னைப் புடிச்சுத் தள்ளிட்டான் சார்’ என்பார். தாளில், ‘மேற்படி நபர் என்னைக் கீழே தள்ளிவிட்டார்’ என்று இறங்கும். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகி நிற்கும் மொழியில், பேசியவரின் குரல் தாளுக்குப் போகும்போதே மாறுகிறது. ‘கொன்னுடுவேன்டா’ என்று தாய் பிள்ளையை அதட்டுவதும், பகையாளி மிரட்டுவதும் ஒரே எழுத்துகள். யார், யாரிடம், எந்தத் தொனியில் சொன்னார் என்பது பதிவாகாவிட்டால் நீதிபதி முன் இரண்டும் ஒன்றே. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேல்கோர்ட்டுக்கு அனுப்பினால் இன்னும் மோசம். காவல்துறை சாட்சிகளை விசாரிக்கும்போது ஒலி, ஒளிப் பதிவு செய்யலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அது கட்டாயமாக வேண்டும் என்பது என் கருத்து. பதிவு மட்டும் போதாது. திருநெல்வேலிப் பேச்சையும் தருமபுரிப் பேச்சையும் எப்படி எழுத்தில் இறக்குவது, நிறுத்தத்தையும் தயக்கத்தையும் எந்தக் குறியால் காட்டுவது, வட்டாரச் சொல்லுக்கு எங்கே விளக்கம் தருவது என்றெல்லாம் ஒரு வழிகாட்டி வேண்டும். அதை எழுதத் தேவையான அறிவு நம் பல்கலைக்கழக மொழியியல் துறைகளில் இருக்கிறது. அவர்களை அழைத்து உட்கார வைக்க வேண்டியது காவல்துறையும் நீதித்துறையும்தான்.