பூனைக்கு இன்சுலின் ஊசி: மூடியின் நிறத்தைப் பாருங்கள்!

பூனைக்கும் சர்க்கரை வியாதி வரும். வீட்டுக்குள்ளேயே தின்று கொழுத்த, வயதான ஆண் பூனைக்கு அதிகம் வரும். ஓயாமல் தண்ணீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். நன்றாகத் தின்றும் இளைக்கும்.

தாம்பரத்திலிருந்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் போய் வரலாம். தினம் இரண்டு வேளை போக முடியுமா? ஆகவே டாக்டர் அளவு சொன்னதும், 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை வீட்டிலேயே ஊசி போட வேண்டும்.

முதலில் சாப்பாடு. பூனை தின்னும்போதே தோலைச் சற்றுத் தூக்கி, அதன் அடியில் ஊசி. பெரும்பாலும் 1 யூனிட்டில் தொடங்குவார்கள். பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

ஆபத்து எங்கே?

கடையில் இன்சுலின் இரண்டு வகை. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. சிரிஞ்சும் அப்படியே. 40-க்குச் சிவப்பு மூடி; 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும்! பூனை தள்ளாடும். வலிப்பு வரும். உயிரே போகலாம். உடனே ஈறில் தேன் அல்லது சர்க்கரைப் பாகு தடவிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

பூனை தின்னாத வேளையில் டாக்டரைக் கேட்காமல் ஊசி போடக்கூடாது.

சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போவதுண்டு. அப்போதும் பழைய அளவையே போட்டால் அதுவும் ஆபத்து. அதனால்தான் டாக்டர்கள் ரத்தத்தை அவ்வப்போது சோதிக்கச் சொல்கிறார்கள்.