குடியை வென்ற கூலித் தொழிலாளி
மூன்று மாதச் சத்தியம் 41 வருஷம் நிலைத்தது!

1884-ம் வருஷம். ஒரு சனிக்கிழமை. அயர்லாந்து நாட்டிலே டப்ளின் நகரம். அங்கே ஒரு தெரு முனையில் ஒரு வாலிபன் நின்றுகொண்டிருந்தான். வயது 28. பெயர் மாட் டால்பட்.

அவன் சட்டைப் பையில் காலணா இல்லை. அந்த வாரம் அவன் வேலைக்குப் போகவில்லை. நாக்கு வறண்டது. கை நடுங்கியது. சனிக்கிழமை கூலி நாள். கூட்டாளிகள் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் மதுக்கடைக்குப் போவார்கள். யாராவது ஒருவன் தன்னையும் கூப்பிடுவான் என்று அவன் காத்து நின்றான். கையில் காசு இருந்த நாளெல்லாம் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தவன் அவன்தானே!

கூட்டாளிகள் வந்தார்கள். இரண்டொருவர் நலம் விசாரித்தார்கள். பிறகு அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஒருவன்கூட "வா" என்று சொல்லவில்லை.

மாட் டால்பட் மனம் ஒடிந்து வீட்டுக்குத் திரும்பினான். அந்த நடைதான் அவன் வாழ்க்கையையே மாற்றியது.

12 வயதில் பிடித்த பேய்

மாட் டால்பட் 1856-ம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தான். வீடு நிறையப் பிள்ளைகள். தகப்பனும் குடிப்பவர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடம் போனது மிகச் சொற்பக் காலம்தான்.

12 வயதில் அவனை வேலைக்கு அனுப்பினார்கள். எந்த இடத்துக்கு? மது வகைகளைப் புட்டியில் அடைக்கும் இடத்துக்கு! சிறுவன் முதலில் ருசி பார்த்தான். பிறகு குடித்தான். விரைவிலேயே தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தகப்பன் அடித்தார், வேலையை மாற்றினார். புது இடம் துறைமுகக் கிடங்கு. அங்கே விஸ்கி இருந்தது. பீர் குடித்த பையன் விஸ்கி குடிக்கக் கற்றுக்கொண்டான்.

16 வருஷம் இப்படியே ஓடியது. கூலி முழுவதும் கடைக்குப் போயிற்று. காசு தீர்ந்தால் கடன். கடன் கிடைக்காவிட்டால் காலில் கிடந்த பூட்ஸையும் விற்றுக் குடித்தான். ஒரு நாள் அதைவிடக் கேவலமான காரியம் நடந்தது. தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலைத் திருடி, விற்று, அந்தக் காசிலும் குடித்தார்கள் மாட்டும் அவன் சிநேகிதர்களும்.

தாய் சொன்ன ஒரு சொல்

அன்று சனிக்கிழமை மகன் சீக்கிரம் வீடு வந்தான். நிதானமாகவும் வந்தான். தாய்க்கு ஆச்சரியம். "மது தொடுவதில்லை என்று சத்தியம் செய்யப் போகிறேன்" என்றான் மகன்.

தாய் திட்டவில்லை, பழைய கதையைக் கிளறவும் இல்லை. "கடவுள் பெயரால் போய்ச் செய். ஆனால் காப்பாற்றுவதாக இருந்தால் மட்டும் செய்" என்றாள். அவன் வாசல் இறங்கும்போது, அதைக் காப்பாற்றும் பலத்தைக் கடவுள் உனக்குத் தரட்டும் என்று வாழ்த்தி அனுப்பினாள்.

மாட் ஒரு பாதிரியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தான். பிறகு சத்தியம் எடுத்தான். ஆயுளுக்கா? இல்லை. மூன்று மாதத்துக்குத்தான்! தன் பலவீனம் அவனுக்குத் தெரியும். தூக்க முடிந்த சுமையைத்தான் தோளில் ஏற்றினான். மூன்று மாதம் தீர்ந்ததும் மேலும் ஆறு மாதம். அதன் பிறகுதான் ஆயுள் சத்தியம்.

மாலை நேரம்தான் மலை

குடியை நிறுத்தியதும் துன்பம் நின்றுவிடவில்லை. அப்போதுதான் ஆரம்பித்தது. பகலில் வேலை இருந்தது. மாலையில் என்ன செய்வது? எங்கே போவது? 16 வருஷமாக அந்த நேரம் கடைக்குச் சொந்தம். கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. மூன்று மாதம் முடிந்ததும் மறுபடியும் குடிக்கப் போவதாகத் தாயிடமே சொன்னானாம்! அத்தனை வேதனை.

ஒரு நாள் மனம் தடுமாறியது. பையில் காசோடு ஒரு மதுக்கடைக்குள் போய் நின்றான். கடைக்காரன் மற்றவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தான், இவனைக் கவனிக்கவில்லை. சிறிது நேரம் நின்றான். சட்டென்று வெளியே வந்தான். நேராக மாதா கோயிலுக்குப் போனான். கதவு சாத்தும் வரையில் அங்கேயே இருந்தான்.

அன்று ஒரு தீர்மானம் செய்தான்: இனி வெளியே போகும்போது பையில் காசு வைத்துக்கொள்வதில்லை. மனவுறுதியை மட்டும் அவன் நம்பவில்லை. குடிக்கப் போகும் வழியையே அடைத்துவிட்டான்.

ஒழுங்கான நாள்

இங்கிருந்து அவனை "அவர்" என்றுதான் சொல்ல வேண்டும்.

மாட் டால்பட் தம் நாளுக்கு ஒரு புதுச் சட்டம் போட்டுக்கொண்டார். விடியுமுன் எழுந்து ஜெபம் செய்வார். வேலைக்கு முன் கோயிலில் பூசை காண்பார். பகலில் உழைப்பார். மாலையில் மறுபடியும் கோயில். பிறகு வீடு, புத்தகம்.

ஆம், புத்தகம்! சரியாக வாசிக்கத் தெரியாத அந்தக் கூலித் தொழிலாளி எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினார். புரியாத இடத்தைப் பாதிரியார்களிடம் கேட்டார். மனத்தில் தைத்த வாக்கியங்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி வைத்தார். வேதாகமம் வாசித்தார். வாலிபத்தில் வழி தவறித் திருந்திய அகுஸ்தீன் முனிவரின் வரலாற்றையும் வாசித்தார்.

பழைய கடன்களைத் தேடித் தேடி அடைத்தார். பிடில்காரரையும் நகரெங்கும் தேடினார். ஆள் அகப்படவில்லை. அந்தப் பணத்தை அவர் ஆத்மாவுக்காகப் பூசை செய்யக் கோயிலில் கொடுத்தார்.

வாயில் கெட்ட வார்த்தை வரும் பழக்கமும் இருந்தது. சட்டைக் கையில் இரண்டு குண்டூசிகளைச் சிலுவைபோல் குத்திக்கொண்டார். அது கண்ணில் பட்டால் நாக்கு அடங்கும்!

பிற்காலத்தில் ஒரு மரக் கிடங்கில் வேலை பார்த்தார். 1913-ம் வருஷம் டப்ளினில் பெரிய தொழில் தகராறு வந்தபோது, தமக்குக் கிடைத்த உதவிப் பணத்தைப் பிள்ளை குட்டிக்காரர்களான தொழிலாளிகளுக்குக் கொடுத்தார்.

1925-ம் வருஷம் ஜூன் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போகும் வழியில் தெருவில் விழுந்து உயிர் நீத்தார். சத்தியம் செய்து 41 வருஷம் ஆகியிருந்தது. அதன் பிறகு ஒரு துளி மது அவர் நாவில் படவில்லை. 1975-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை "வணக்கத்துக்குரியவர்" என்று அறிவித்தது. டப்ளின் நகரில் ஆற்றின் மேல் ஒரு பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

நமக்கு என்ன பாடம்?

டால்பட் பலகையில் படுத்தார். உடம்பில் சங்கிலி அணிந்தார். அதை எல்லாரும் செய்ய வேண்டியதில்லை. அவர் நடந்த வழியில் நாலு காரியம் எவருக்கும் ஆகும்.

முதலாவது, சிறிய சத்தியம். 1935-ல் அமெரிக்காவில் குடியை விட்ட இருவர் தொடங்கிய சங்கம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. "இன்றைக்கு மட்டும் குடிப்பதில்லை" என்பதே அவர்கள் வழி. நாளைய பாரம் நாளைக்கு.

இரண்டாவது, காலியான நேரத்தை நிரப்புதல். குடி போன இடத்தில் வேலையும் ஜெபமும் வாசிப்பும் வந்து உட்கார வேண்டும். வெறும் வீட்டில் பேய் குடியேறும்.

மூன்றாவது, கெடுத்ததைச் சரிக்கட்டுதல். கடனை அடைப்பது பையைக் குறைக்கும். ஆனால் தலையை நிமிர்த்தும்.

நாலாவது, தனியாகப் போராடாமை. டால்பட்டுக்குத் தாய் இருந்தாள், பாதிரியார் இருந்தார். டாக்டரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல வருஷம் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் வைத்தியர் சொற்படி நிறுத்துவதே நல்லது.

ஏசுநாதர் சொன்ன ஊதாரி மகன் கதையில் தகப்பன், திரும்பி வரும் மகனைத் தூரத்திலேயே கண்டு எதிரே ஓடினார். மகன் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எழுந்து வீட்டுப் பக்கம் நடப்பது. அன்று டப்ளின் தெரு முனையிலிருந்து மாட் டால்பட் செய்ததும் அதுதான்.

இன்று உங்கள் வீட்டு வாசலிலும் ஒருவர் நிதானமாக வந்து நிற்கலாம். அப்போது பழைய கணக்கைப் பேசவேண்டாம். அந்தத் தாயைப்போல் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள்.