பெருவிடைக் கோழி: அடை வைத்தலும் இனம் பேணலும்

எத்தகைய பஞ்சத்திலும் விதை நெல்லைக் குத்தி உண்ண நம் உழவர் மனம் ஒப்புவதில்லை. ஆனால் கோழியைப் பொறுத்தவரையில் இந்நெறி கைவிடப்பட்டுவிட்டது. திருவிழாவுக்கும் விருந்துக்கும் முதலில் பிடிபடுவது முற்றத்தில் எடுப்பாக நிற்கும் சேவலே. வியாபாரி கூடுதல் விலை கூறுவதும் அதற்கே. எஞ்சி நிற்கும் மெலிந்த சேவல் அடுத்த தலைமுறைக்குத் தந்தையாகிறது. இவ்வாறு சில தலைமுறைகள் கழிந்தால் நல்ல இனம் பேச்சளவில்தான் எஞ்சும். பெருவிடைக் கோழிக்கு நேர்ந்துவரும் ஆபத்து இதுவே. அதனைத் தடுக்கும் வழியை விவசாயப் பெருமக்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்திருத்தல் நலம்.

இனத்தின் இயல்பு

நூல்களில் ‘அசில்’ எனக் குறிக்கப்படும் இனத்தைச் சார்ந்த கோழிகளை நம் பக்கத்து மக்கள் பெருவிடை என்று அழைக்கின்றனர். நீண்ட கழுத்து, அகன்ற மார்பு, உறுதியான நெடுங்கால்கள், தலையோடு ஒட்டிய சிறு கொண்டை ஆகியவை இதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த சேவல் 4 முதல் 5 கிலோவும், பெட்டை 3 முதல் 4 கிலோவும் எடை இருக்கும். இறைச்சி கெட்டியானது, சுவை மிக்கது. சேவல் முழு வளர்ச்சி பெற ஓராண்டுக்கு மேலாகும். பெட்டை இடும் முட்டைகளும் குறைவு. விரைவில் பலன் தரும் கலப்புக் கோழிகளை மக்கள் நாடியதற்கு இவையே காரணங்கள்.

ஆயினும் இவ்வினத்தின் மதிப்பை நாம் குறைத்து எண்ணலாகாது. இங்கிலாந்து நாட்டின் கார்னிஷ் கோழி, நம் நாட்டு அசில் கோழியின் இரத்தம் கலந்து உருவானதே. உலகெங்கும் பண்ணைகளில் வளரும் இறைச்சிக் கோழியின் பருத்த மார்பு அந்தக் கார்னிஷ் வழியில் வந்த செல்வமாகும். அச்செல்வத்தின் வேர் நம் வீட்டு முற்றத்தில் இருக்கிறது.

இங்கு ஒன்றைக் கூறிவிடுகிறோம். பெருவிடை என்றதும் சேவற்கட்டு நினைவுக்கு வருதல் இயல்பே. எனினும் விலங்குகளையும் பறவைகளையும் தூண்டிவிட்டுச் சண்டையிடச் செய்வது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். நாம் கூறுவது இறைச்சிக்காகவும் இனப் பாதுகாப்புக்காகவும் வளர்க்கும் முறையையே ஆகும்.

இனமுட்டை சேகரித்தல்

இனத்தின் அடையாளங்கள் குன்றாத, நோயற்ற சேவல் ஒன்றையும், ஐந்தாறு பெட்டைகளையும் தேர்ந்தெடுத்துத் தனியே அடைத்து வைக்க வேண்டும். அடைத்த மறுநாளே கிடைக்கும் முட்டைகளை அடைக்கு வைக்கலாகாது. பெட்டையின் உடலில் முன்பு சேர்ந்த சேவலின் வித்து இரண்டு மூன்று வாரங்கள் வரை உயிரோடிருக்கும். ஆகவே முதல் மூன்று வாரத்து முட்டைகளை உணவுக்குக் கொண்டு, அதற்குப்பின் கிடைப்பவற்றையே இனத்துக்கென ஒதுக்க வேண்டும். கலப்பு நேர்வதற்கு இவ்வொரு விஷயத்தை அறியாமையே பெரும்பாலும் காரணமாகிறது.

முட்டைகள் நடுத்தர அளவினதாகவும், கீறல் இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். அவற்றைக் கழுவலாகாது. ஓட்டின்மீதுள்ள மெல்லிய படலம் நீங்கினால் நுண்துளைகள் வழியே கிருமிகள் உட்புகும். ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையினுள் வைக்கோல் பரப்பி, அகன்ற முனை மேலாக இருக்குமாறு முட்டைகளை அடுக்கி வைப்பது நன்று. ஏழு நாட்களுக்கு மேற்பட்ட முட்டைகளின் பொரிக்கும் திறன் குறையும். கோடையில் நான்கு நாட்களுக்குள் அடை வைத்துவிடுதல் நலம். வெப்பத்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி மடிந்துபோவதுண்டு.

அடை வைத்தல்

பெருவிடைப் பெட்டை உடல் கனத்தது. அது அடைகாக்கையில் முட்டைகள் உடைவதுண்டு. ஆதலின் அனுபவமுள்ளோர் பெருவிடையின் முட்டைகளைச் சிறுவிடைக் கோழியின் அடியில் வைக்கின்றனர். சிறுவிடை எடை குறைந்தது. அடை கிடப்பதிலும் குஞ்சுகளைப் பேணுவதிலும் சிறந்தது. அதன் உடல் மூடக்கூடிய அளவுக்கு எட்டு முதல் பத்து முட்டைகள் வரை வைக்கலாம்.

கூடையில் மணலைக் குழிவாகப் பரப்பி, மேலே வைக்கோல் இட்டு, இருண்ட அமைதியான மூலையில் வைக்க வேண்டும். அடைக் கோழியின் இறகினடியில் பேன், உண்ணி உள்ளனவா என்று முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். பேன் தொல்லை மிகுந்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும். மாலை மங்கிய நேரத்தில் அடை வைத்தால் கோழி எளிதில் அமையும். கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அதனால் தீங்கு ஏதுமில்லை. ஆயினும் குஞ்சு பொரிப்பது வெப்பம், ஈரம், காற்று ஆகிய மூன்றினால்தான். கோழி நாளுக்கு ஒருமுறை எழுந்து இரை தின்று, நீர் அருந்தி, எச்சமிட்டுத் திரும்பக் கால்மணி நேரம் போதும்.

ஏழாம் நாள் இரவில் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் விளக்கின் ஒளியில் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் செந்நிற நரம்புகள் தெரிந்தால் கரு வளர்கிறது என்று பொருள். தெளிவாக இருந்தால் அது கூமுட்டை. இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் நீக்கிவிடலாம். 21 ஆம் நாளில் குஞ்சுகள் வெளிவரும். இறுதி மூன்று நாட்களில் அடையைக் கலைக்கலாகாது.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூட்டாகப் பொரிப்பான் கருவி வைத்துக்கொள்ளலாம். காற்றாடி உள்ள கருவியில் வெப்பநிலை 37.5 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையாக இருக்க வேண்டும். பதினெட்டாம் நாள்வரை நாளுக்கு மூன்று முறையேனும் முட்டைகளைத் திருப்பிவிட வேண்டும். பின்னர் திருப்புதலை நிறுத்தி, ஈரப்பதத்தை உயர்த்த வேண்டும். மின்தடை மிகுந்த ஊர்களில் அடைக் கோழியையே நம்புவது உத்தமம்.

குஞ்சு பராமரிப்பு

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கரு எஞ்சியிருக்கும். ஓரிரு நாட்கள் அது உணவாகும்; ஆகவே உடனே தீனி இல்லையே என்று பதற வேண்டியதில்லை. தாயின்றி வளரும் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்து வரலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில் இழை பொருத்திய பழைய வகைக் குண்டு பல்பைத் தொங்கவிடுவர். எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தராது என்பதைக் கவனிக்க. குஞ்சுகள் விளக்கின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர் அதிகம். விலகி ஓடினால் வெப்பம் அதிகம். பரவலாகப் படுத்தால் அளவு சரி.

தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களை இட்டால் குஞ்சுகள் மூழ்கி இறவா. உடைத்த கம்பு, கேழ்வரகு, அரிசிக் குருணை இவற்றோடு கடலைப் பிண்ணாக்கும் தருவது நன்று. பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சாகும். பழைய மண்பானையில் நனைத்த வைக்கோலும் காய்ந்த சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு, புற்றருகே மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் நிறைந்திருக்கும். செலவின்றிக் கிடைக்கும் சிறந்த புரத உணவு இது. காகம், பருந்து, கீரி, பூனை ஆகியவற்றினின்று காக்க, முதல் சில வாரங்கள் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைத்தே வளர்க்க வேண்டும்.

கழிச்சல் நோய்

இவ்வளவும் செய்தும் ஒரே வாரத்தில் முற்றம் வெறிச்சோடிப் போகக்கூடும். இராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய் அத்தகையது. சோர்வு, பச்சையும் வெண்மையும் கலந்த கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை அறிகுறிகள். நோய் கண்டபின் மருந்தில்லை. தடுப்பு மருந்தே காப்பு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசியும் போட வேண்டும். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துக் கொணர்ந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். இதற்குக் கால்நடை மருந்தகத்தை அணுகலாம்.

ஊர் செய்ய வேண்டியது

ஒரு வீட்டார் மட்டும் ஊசி போட்டு, பக்கத்து வீட்டார் விட்டுவிட்டால் நோய்க்கிருமி ஊரைவிட்டு அகலாது. கோடை தொடங்குமுன் ஒரே நாளில் ஊர்க்கோழிகள் அனைத்துக்கும் ஊசி போடப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்ய வேண்டும். இறந்த கோழிகளைக் குளத்திலோ குப்பையிலோ எறியாமல் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நோயுற்ற கோழிகளை அவசரமாகச் சந்தைக்கு அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும்.

இனப் பாதுகாப்பும் ஊர்க்காரியமே. ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையுமான கோழிகள் தலைமுறைதோறும் சேர்ந்தால் முட்டை பொரிப்பது குறையும், குஞ்சுகள் நலியும். இதற்கு எளிய பரிகாரம் உண்டு. நான்கு வீட்டார் ஒன்று சேர வேண்டும். முதல் வீட்டில் பிறந்த சிறந்த சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டது மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாம் வீட்டது நான்காம் வீட்டுக்கும், நான்காம் வீட்டது முதல் வீட்டுக்கும் செல்ல வேண்டும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே தங்கும். நம் வழக்கில் பெண் புகுந்த வீடு செல்கிறாள். இங்கே சேவல் புகுந்த வீடு செல்கிறது! ஆண்டுதோறும் இதே திசையில் மாற்றி வந்தால் நெருங்கிய உறவுக் கலப்பு வெகுவாகக் குறையும். சேவல்களின் காலில் வண்ண வளையமிட்டு, எவ்வீட்டில் என்று பிறந்தது என ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் போதுமானது.

கோழி வளர்க்க ஒரு வீடு போதும். இனம் காக்க ஓர் ஊர் வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஊசி போடும் நாளையும், இச்சேவல் மாற்றில் சேரும் நான்கு வீடுகளையும் முடிவு செய்யுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முற்றத்தின் சிறந்த சேவலுக்கு நல்ல விலை வரும் நாளில், அதனை விதையென்று மதித்து நிறுத்திவைக்கும் உறுதி விவசாயிகளுக்கு வேண்டும்.