மாணவத் தலைவி என்றால் பெயர் எழுதுபவரா?

மாணவத் தலைவர் என்றதும் பலருக்கும் நினைவு வருவது காலை வணக்கக் கூட்டம்தான். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு முன் வரிசையைச் சரிசெய்வது, உறுதிமொழி சொல்வது, திருக்குறளும் செய்தியும் வாசிக்க ஆள் ஏற்பாடு செய்வது. இவையெல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் (எங்கள் பள்ளியில் மைக் வேலை செய்யாத நாட்களில் இன்னும் சீக்கிரம்). மீதி நாள் முழுவதும் அந்தப் பொறுப்பு எப்படி இயங்குகிறது என்பது ஆசிரியர் அறையிலிருந்து அவ்வளவாகத் தெரியாது. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஆண்டில் நான் மாணவத் தலைவியாக இருந்தேன். இப்போது கல்லூரியில் முதலாமாண்டு. அந்த ஆண்டில் பார்த்ததை ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. முதல் மதிப்பெண் எடுப்பவரை ஆசிரியர்களே அறிவிப்பது ஒன்று, வாக்கெடுப்பு மற்றொன்று. எங்கள் பள்ளியில் வாக்கெடுப்பு நடந்தது. துண்டுச் சீட்டு, அட்டைப் பெட்டி, விரலில் பேனா மை. சில மாதங்களில் 18 வயதாகி உண்மையான வாக்காளர் ஆகப்போகிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனால் ஒன்றாம் மாதத்திலேயே அதன் பயன் தெரிந்தது. ஆசிரியர் நியமித்த தலைவரிடம் மாணவர்கள் விலகி நிற்பார்கள். தாங்கள் வாக்களித்தவரிடம் உரிமையோடு சண்டை போடுவார்கள். சண்டை போடுகிறவர்கள் உண்மையைச் சொல்வார்கள்.

அடுத்து, பெயர் எழுதுவது. ஆசிரியர் வராத பாடவேளையில் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதும் வழக்கம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தொடர்கிறது. ஆறாம் வகுப்பில் அது பலிக்கும். பதினேழு வயதில் பலிக்காது. பேச்சு நிற்காமல், எழுதியவர் தனிமைப்படுவதுதான் நடக்கும். தேர்தலுக்குப் பின் வகுப்பாசிரியர் எங்களிடம் சொன்ன முதல் ஏற்பாடு இதுதான்: தலைவி யார் பெயரையும் எழுத வேண்டாம், அந்தப் பாடவேளையில் என்ன வேலை நடந்தது என்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். 'கணக்கு, பயிற்சியில் 4 கணக்குகள் முடிந்தன, ஐந்தாவது யாருக்கும் வரவில்லை' என்ற ஒரு வரி, பத்துப் பெயர்களைவிடக் கணக்கு ஆசிரியருக்குப் பயன்பட்டது. மறுநாள் அவர் ஐந்தாவது கணக்கிலிருந்தே தொடங்கினார்.

பெயர் எழுதாத தலைவியிடம்தான் செய்தி வந்து சேரும். எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சு ஆடியிலும் மார்கழியிலும் நிறைந்திருக்கும். ஆவணியும் தையும் பிறந்தால் காலியாகும். வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒழுங்கில்லாத மாணவர்கள் என்றுதான் தோன்றும். பக்கத்தில் முகூர்த்த நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போகிறவர்கள் அவர்கள். முதல் நாள் இரவு வரவேற்பு, மறுநாள் விடியற்காலையில் டிபன் பந்தி. இரவுக்கு 500, 600 ரூபாய். அடுத்த நாள் வகுப்பில் தூங்குவதற்கும் காரணம் அதுதான். வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் செய்தி பதிவேட்டில் ஏறுவதில்லை.

தை மாதத்தில் அவர்களில் ஒருவன், அடுத்தடுத்து இரண்டு முகூர்த்தங்களுக்கு கேட்டரிங்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பதாகச் சொன்னான். அந்தப் பணம் வீட்டு வாடகைக்குப் போய்விட்டது. இரண்டாவது முகூர்த்தத்தன்று காலையில் அவனுக்கு இயற்பியல் செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்ற கணக்கில் அந்த 20 எவ்வளவு பெரியது என்று அவனுக்கும் தெரியும். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வழியில்லை என்பதும் தெரியும்.

"சார்கிட்ட சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"சொல்லு. ஆனா கிளாஸ்ல எழுப்பி நிக்க வச்சுக் கேக்கக் கூடாது."

இயற்பியல் ஆசிரியரிடம் அதே நிபந்தனையோடுதான் சொன்னேன். தேர்வுக்கான அணிப் பட்டியல் அப்போது இறுதியாகவில்லை. அவர் அவனை மறுநாள் அணியில் சேர்த்தார். வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் தனியாக அழைத்து, பொதுத் தேர்வு முடியும்வரை இனி முன்பணம் வாங்கக் கூடாது என்று மட்டும் சொன்னாராம். பட்டியல் வெளியான பிறகு தெரிந்திருந்தால் அவராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அந்த இரண்டு வாரம்தான் அவனைக் காப்பாற்றியது. அவன் 'சொல்லு' என்று ஒப்புக்கொண்ட பிறகே சொன்னதால், அதன் பிறகும் மற்றவர்கள் என்னிடம் பேசினார்கள். கேட்காமல் சொல்லியிருந்தால் அதுவே கடைசிச் செய்தியாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு இந்தப் பொறுப்பு தேவையா என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். என் அம்மாவும் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார். பதினொன்றாம் வகுப்புக்கே கொடுத்துவிடலாம் என்று சில பள்ளிகளில் முடிவெடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி ஆண்டில்தான் வீட்டுக் கஷ்டம், கல்லூரிக் கட்டணம், வேலை என எல்லாம் ஒன்றாக வந்து நெருக்கும். அதே வகுப்பில் இருப்பவருக்குத்தான் அது தெரியும். ஆனால் ஜனவரியில் திருப்புதல் தேர்வுகள் தொடங்கியதும் வணக்கக் கூட்டம், விழா ஏற்பாடு, விளையாட்டு மைதானப் பொறுப்பு ஆகியவற்றைப் பதினொன்றாம் வகுப்பினரிடம் ஒப்படைத்துவிடலாம். 'மகிழ் முற்றம்' வந்த பிறகு குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களிலும் பொறுப்பேற்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆள் பற்றாக்குறை இல்லை.

எங்கள் பள்ளியில் பிப்ரவரியில் பொறுப்பு கைமாறியது. அடுத்த தலைவியிடம் நான் கொடுத்தவை இரண்டு: ஆசிரியர் வராத பாடவேளைகளுக்கான நோட்டு, அந்த ஆண்டின் முகூர்த்த நாட்களை வட்டமிட்ட தினசரி நாட்காட்டி. நாட்காட்டி எதற்கு என்று அவள் கேட்டாள். கடைசி பெஞ்சில் இருந்தவர்களே அவளுக்கு விளக்கினார்கள்.